கேமிங் கணினிக்கு நீர்க்குளிர்ச்சி வேண்டுமா? வாட், பரப்பு, அறை வெப்பம் வழியே ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுகிறவர்கள் பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் மாதக்கணக்கில் அலசி முடிவு செய்கிறார்கள். கூலர் விஷயத்தில் மட்டும் முடிவு பெரும்பாலும் கடை வாசலில் நடக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் "ஏர் கூலரா, லிக்விடா?" என்ற கேள்விக்கு விடை சொல்பவை கையில் மிஞ்சிய பணமும், கண்ணாடிக் கதவு வழியே தெரியப்போகும் வண்ண விளக்குகளும்தான். எத்தனை வாட், எந்த அறை, எந்தக் கேபினெட் என்று விசாரித்துச் சொல்கிறவர்கள் குறைவு.

இக்கட்டுரை அந்தக் கேள்வியை வெப்பக் கணக்காக எடுத்துக்கொள்கிறது. நீர்க்குளிர்ச்சி என்று இங்கே குறிக்கப்படுபவை இரண்டு. தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடி வரும் ஏஐஓ ஒன்று. பம்ப், தொட்டி, பிளாக், ரேடியேட்டர், குழாய் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கி நாமே இணைக்கும் கஸ்டம் லூப் இன்னொன்று. எதிர்த்தரப்பில் நிற்பது ஆறு ஹீட் பைப்பும் இரண்டு ஃபேனும் கொண்ட இரட்டைக் கோபுர ஏர் கூலர். பிராசசர் பெட்டியோடு இலவசமாக வரும் சிறிய கூலரை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அதோடு ஏஐஓவை நிறுத்தி நீரின் பெருமை பேசுவது நியாயமாகாது. திரவ நைட்ரஜன் ஊற்றி வேகச் சாதனை செய்வது போட்டியாளர் வேலை, அதையும் விட்டுவிடலாம்.

களம் தமிழ்நாட்டுக் கோடை. கூலர்களை அளந்து வெளியாகும் சோதனைகளில் பெரும்பாலானவை 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. ஏசி இல்லாத நம் அறை மே மாதப் பிற்பகலில் 35 டிகிரியைத் தாண்டும். அந்த வித்தியாசத்தைக் கூட்டாமல் படித்தால் சோதனை எண்கள் நம்மை ஏமாற்றும்.

2. தேவை வந்தபோது வந்த நீர்

கணினிக்குள் நீர் ஓடுவது புதுமை அல்ல. ஐபிஎம் 1980இல் அறிவித்த 3081 பெருங்கணினியில் ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் நூற்றுக்கு மேற்பட்ட சிப்புகள் இருந்தன. ஒவ்வொரு சிப்பின் முதுகையும் ஓர் உலோக பிஸ்டன் அழுத்தித் தொட்டுக்கொண்டிருக்கும், இடைவெளியில் ஹீலியம், மேலே நீர் ஓடும் தகடு. அப்படி ஒரு மாட்யூல் கக்கிய வெப்பம் சுமார் 300 வாட். இன்று ஒரு விளையாட்டு மேசையின் மேல்தட்டு பிராசசர் தனியாகவே அதற்கு அருகில் வந்துவிடுகிறது. 1985இல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி போய், மின்சுற்றுப் பலகைகளை ஃபுளோரினெர்ட் என்ற மின்கடத்தாத் திரவத்திலேயே மூழ்கடித்தது.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1990களில் பெருங்கணினிகள் பைபோலார் சிப்புகளை விட்டு சிமாஸ் சிப்புகளுக்கு மாறின. வாட் இறங்கியது, நீரும் வெளியேறியது. பெருமைக்காக அதை வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக் கணினிக்குள் நீர் வந்தது வேறு வழியில். 1998இன் செலரான் 300ஏ போன்ற மலிவான பிராசசர்களை 450 மெகாஹெர்ட்ஸுக்கு விரட்டிப் பார்த்த ஓவர்கிளாக்கர்கள் மீன்தொட்டி பம்பையும் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் இணைத்துச் சொந்தமாக லூப் செய்தார்கள். ஆப்பிள் 2004இல் இரட்டை 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கணினியை நீர்க்குளிர்ச்சியோடு விற்றது. ஆண்டுகள் போனபின் அவற்றில் சில கசிந்து உள்ளே அரித்ததும் பதிவான செய்தி. 2009இல் டென்மார்க்கின் அசெடெக் நிறுவனம் தயாரித்து கோர்சேர் பெயரில் வெளிவந்த எச்50தான் ஏஐஓவைச் சாதாரணக் கடைச் சரக்காக்கியது. பம்பைத் தகட்டின் மேலேயே பொருத்திய அந்த அமைப்பை இன்றைய ஏஐஓக்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன.

3. வெப்பம் போகும் பாதை

சிலிக்கானில் பிறக்கும் வெப்பம், அதன் மேலுள்ள உலோக மூடி, தெர்மல் பேஸ்ட், கூலரின் செப்புத் தகடு, பிறகு கடத்தும் ஊடகம், கடைசியாக அலுமினியத் தகட்டு மடிப்புகள், அங்கிருந்து காற்று என்று நடக்கிறது. ஏர் கூலரானாலும் ஏஐஓவானாலும் முதல் நான்கு நிலைகள் ஒன்றே. கடைசி நிலையும் ஒன்றே: இரண்டிலும் காற்றுதான் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. நீர் நடுவில் நிற்கும் சுமைதூக்கி மட்டுமே.

நல்ல சுமைதூக்கி என்பதில் சந்தேகமில்லை. ஒரே கனஅளவில், ஒரே டிகிரி உயர்வுக்கு, காற்றைப்போல் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை நீர் தாங்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் எளிய சுற்றில் 250 வாட் இறங்கினாலும், பிளாக்குக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே வெறும் மூன்றரை டிகிரி வித்தியாசம்தான் இருக்கும். விற்பனையாளர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஆனால் ஏர் கூலரின் ஹீட் பைப்புக்குள்ளும் நீர்தான் இருக்கிறது. குறைந்த அழுத்தத்தில் அடைத்த சில துளி நீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் படிந்து, உட்சுவரின் நுண்துளைப் பூச்சு வழியே திரும்பி வருகிறது. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963இல் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய இந்த அமைப்பு, அதே தடிமனுள்ள செப்புக் கம்பியைவிடப் பன்மடங்கு வெப்பத்தைக் கடத்தும். அதற்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஆகவே வெப்பத்தைக் கொண்டுசேர்ப்பதில் ஏர் கூலர் பலவீனமானது என்ற எண்ணம் தவறு. அதன் பலவீனம் அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. பிராசசரின் தலைமேலேயே நின்றாக வேண்டும்; கேபினெட் கதவு சாத்த வேண்டும் என்பதால் உயரம் 160 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும்; எடையை மதர்போர்டு தாங்க வேண்டும். 2014இல் வந்த நாக்டுவா என்எச்-டி15, ஃபேன்களோடு 1.3 கிலோ. அந்த வகையின் எல்லை ஏறக்குறைய அதுதான்.

நீர் தருவது இட விடுதலை. குழாய் எட்டும் இடத்தில், கூரையிலோ முகப்பிலோ, பெரிய ரேடியேட்டரை வைக்கலாம். காற்று நுழையும் முகப்பரப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். 140 மி.மீ. ஃபேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைக் கோபுரத்துக்குச் சுமார் 196 சதுர சென்டிமீட்டர். 240 ரேடியேட்டருக்கு 288. 280க்கு 392. 360க்கு 432. கடைகளில் 240இலிருந்து நேராக 360க்குத் தாவச் சொல்கிறார்கள். நடுவில் உள்ள 280, பரப்பில் 360ஐ நெருங்கி நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. 240 ஏஐஓ நல்ல இரட்டைக் கோபுரத்தைப் பெரிதாக முந்தாததற்கும் இந்தக் கணக்கே காரணம். 120 மி.மீ. ஒற்றை ரேடியேட்டர் ஏஐஓவைப் பற்றிப் பேசவே வேண்டாம். இடமே இல்லாத குட்டிக் கேபினெட்டைத் தவிர வேறெங்கும் அதை வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

இத்தனையையும் ஒரே வரியில் எழுதலாம்: சிப்பின் வெப்பநிலை = கூலர் உறிஞ்சும் காற்றின் வெப்பநிலை + (வாட் × வெப்பத்தடை). ஏர், லிக்விட் என்ற சண்டை முழுவதும் அந்தக் கடைசிப் பெருக்கலில் ஒரு சிறு எண்ணைப் பற்றியது.

4. வாட்டைவிட முக்கியமான பரப்பு

575 வாட் கிராபிக்ஸ் கார்டைக் காற்று குளிர்விக்கிறது. 230 வாட் பிராசசர் 95 டிகிரியைத் தொடுகிறது. இது எப்படி?

2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090இன் நிறுவனப் பதிப்பு, இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள ஏர் கூலரோடு 575 வாட்டைச் சமாளிக்கிறது. அதன் சிப் சுமார் 750 சதுர மில்லிமீட்டர். முழு வாட்டையும் சிப்பின் தலையிலேயே கட்டினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 77 வாட்தான் வரும். நினைவகமும் மின்சுற்றும் தம் பங்கை எடுத்துக்கொள்வதால் உண்மையில் இன்னும் குறையும். ரைசன் 9 7950எக்ஸ், 2022இல் வந்தது. அதன் மின்வரம்பு 230 வாட். கோர்கள் இருப்பதோ தலா 71 சதுர மில்லிமீட்டர் கொண்ட இரண்டு துண்டுகளில். ஒவ்வொன்றிலும் 100 வாட் இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 140 வாட். ஏறக்குறைய இரு மடங்கு நெரிசல். போதாததற்கு, முந்தைய ஏஎம்4 கூலர்கள் ஏஎம்5 சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காக மேல்மூடியை ஏஎம்டி தடிமனாகவே வைத்தது.

நெரிசல் சிலிக்கானுக்கும் மூடிக்கும் இடையே இருக்கும்போது, அதற்கு அப்பால் 360ஐ வைத்தாலும் 420ஐ வைத்தாலும் பயன் ஓரளவே. அடைப்பு தெருமுனையில் இருக்க, நெடுஞ்சாலையை அகலப்படுத்தி ஆவதென்ன?

இன்னொரு குழப்பம். 7950எக்ஸ் முழுச்சுமையில் 95 டிகிரிக்குப் போவதை ஏஎம்டி குறையாகக் கருதவில்லை. அந்த வரம்பு வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படி அது வடிவமைக்கப்பட்டது. நல்ல கூலர் வைத்தால் வெப்பநிலை இறங்காது, மெகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஏறும். ஏஐஓ வாங்கியும் சூடு குறையவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த வடிவமைப்பைத்தான் பழுது என்று நினைக்கிறார்கள்.

கேம் பிரியர்கள் விரும்பி வாங்கும் எக்ஸ்3டி வகை தனிக்கதை. 2023இன் 7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் நினைவகம் கோர்களின் மேல் அடுக்கப்பட்டிருந்ததால் வெப்பம் அதைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். அதனால் உச்சவரம்பும் 89 டிகிரி. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷைக் கோர்களுக்குக் கீழே தள்ளினார்கள். கோர்கள் மூடியை நெருங்கின. வரம்பு 95 ஆனது. எந்தக் கூலர் மாற்றமும் தர முடியாத நிவாரணத்தை அந்த ஓர் இடமாற்றம் தந்தது.

5. விளையாடும்போது எத்தனை வாட்?

இன்டெல் கோர் ஐ9-14900கே: அடிப்படை 125 வாட், உச்சம் 253 வாட். பெட்டியில் பார்க்கிறவர் 253 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார். அந்த எண் எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் உழைக்கும் வீடியோ ரெண்டரிங் போன்ற வேலைக்கானது. கேம் அப்படி உழைக்க வைக்காது. பெரும்பாலான நேரம் பிராசசர் கிராபிக்ஸ் கார்டுக்காகக் காத்திருக்கும். 7800எக்ஸ்3டியின் பெயரளவு 120 வாட் என்றாலும் விளையாட்டில் 50 முதல் 80 வாட்டுக்குள்தான் பெரும்பாலும் நிற்கிறது.

எடுத்துக்காட்டுக்கு, சிலிக்கான் முதல் காற்று வரை மொத்த வெப்பத்தடையை இரட்டைக் கோபுரத்துக்கு வாட்டுக்கு 0.30 டிகிரி என்றும் 360 ஏஐஓவுக்கு 0.25 என்றும் வைத்துக்கொள்வோம். அறை 34 டிகிரி. ஏர் கூலர் கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டு சூடாக்கிய காற்றை உறிஞ்சுவதால் அதற்கு 40. முகப்பில் வைத்த ரேடியேட்டர் நேரடியாக அறைக் காற்றை இழுப்பதால் அதற்கு 34.

80 வாட்டில் ஏர் கூலர் தருவது 64 டிகிரி. ஏஐஓ தருவது 54. பத்து டிகிரி வித்தியாசத்தில் ஆறு, நீரால் வந்ததல்ல. நின்ற இடத்தால் வந்தது. மேலும் 64, 54 இரண்டுமே 89க்கு வெகு கீழே. கேமின் வேகத்தில் ஒரு ஃபிரேமும் கூடாது, குறையாது.

250 வாட்டில் கதை வேறு. ஏர் கூலர் கணக்குப்படி 115. அதாவது ஐ9இன் 100 டிகிரி வரம்பில் முட்டி, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஐஓ 96.5; மயிரிழையில் தப்பும். மணிக்கணக்கில் ரெண்டர் செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் காசு. மாலையில் இரண்டு மணி நேரம் கேம் விளையாடுகிறவருக்கு அது வெறும் பெஞ்ச்மார்க் எண்.

பெஞ்ச்மார்க் என்றதும் ஓர் எச்சரிக்கை. ஏஐஓவுக்குள் நீர் சில நூறு மில்லி இருக்கும். அது சூடேறி நிலைக்கு வரச் சில நிமிடங்கள் பிடிக்கும். இரண்டு நிமிடச் சோதனையில் ஏஐஓ வென்றுவிடும். அரைமணி ஓடவிட்டால் இடைவெளி சுருங்கும். சோதனை எத்தனை நிமிடம் நடந்தது என்று சொல்லாத வரைபடத்தை நம்ப வேண்டாம்.

கூலரே வாங்காமல் வாட்டைக் குறைக்கும் வழியும் இருக்கிறது. பயாஸில் ஐ9இன் வரம்பை 253இலிருந்து 125க்கு இறக்கினால், அல்லது ரைசனில் ஈகோ மோட் போட்டால், ரெண்டரிங் வேகம் குறையும். கேமில் பெரும்பாலும் உணரக்கூடிய இழப்பு இருக்காது. இதற்குச் செலவு பூஜ்யம் என்பதாலோ என்னவோ, யாரும் விளம்பரம் செய்வதில்லை. கூலரால் தீரவே தீராத கோளாறும் உண்டு. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்கள் நிலைகுலைந்ததற்கு மிகையான மின்னழுத்தம் காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

6. அறையும் கேபினெட்டும்

நீர்க்குளிர்ச்சி வைத்தால் அறை குளிரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கணினி வாங்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகி அந்த அறைக்கே வருகிறது. 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090, 80 வாட் பிராசசர், மற்றவை, எஸ்எம்பிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்து 600 வாட் என்று கொண்டால், நீர் ஓடினாலும் காற்று ஓடினாலும் அறைக்கு வருவது 600 வாட். ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் சுமார் 3,500 வாட். அதில் ஆறில் ஒரு பங்கைக் கணினியே தின்றுவிடும். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏசி இல்லாமல் விளையாடினால் அறை வெப்பம் ஏறும். கூலர் உறிஞ்சும் காற்றும் கூடவே ஏறும். ரேடியேட்டர் எத்தனை பெரிதானாலும் நீரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. ஜன்னலைத் திறந்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது சில வீடுகளில் ஏஐஓவைவிட அதிகம் பயன்தரும்.

அடுத்தது கேபினெட். உள்ளே 500 வாட் பிறந்து, மணிக்கு 100 கனமீட்டர் காற்று மட்டும் கடந்துபோனால், வெளியேறும் காற்று அறையைவிட 15 டிகிரி கூடுதலாக இருக்கும். 200 கனமீட்டரானால் ஏழரை டிகிரி. ஃபேன் பெட்டியில் அச்சிட்ட அளவு, தூசி வலையும் கண்ணாடி முகப்பும் குறுக்கே நிற்கும்போது கிடைப்பதில்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடியாக, ஓரத்தில் விரற்கடை இடைவெளியோடு அழகாக வரும் கேபினெட்டில் 360 ஏஐஓவைத் திணிப்பதைவிட, வலை முகப்புள்ள எளிய கேபினெட்டில் ஏர் கூலர் வைப்பது மேல்.

ரேடியேட்டரை எங்கே வைப்பது? முகப்பில் வைத்தால் பிராசசர் குளிர்ந்த காற்றைப் பெறும். ஆனால் சூடான காற்று கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும். பிராசசர் 80 வாட், காற்று மணிக்கு 200 கனமீட்டர் என்றால் அந்தச் சூடு ஒரு டிகிரியை ஒட்டியது, பொருட்படுத்த வேண்டாம். 250 வாட்டானால் நான்கு டிகிரியை நெருங்கும். கூரையில் வைத்தால் தலைகீழ்: கிராபிக்ஸ் கார்டு நிம்மதியாக இருக்கும், ரேடியேட்டர் அதன் மூச்சை உறிஞ்சும். விளையாட்டுக் கணினியில் பெரிய சூட்டுக்காரர் கிராபிக்ஸ் கார்டுதான் என்பதால், என் சாய்வு கூரைப் பக்கமே. எப்படி வைத்தாலும் ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். சுற்றுக்குள் இருக்கும் சிறு காற்று எப்போதும் உச்சிக்கு ஏறும். பம்பே உச்சியாக இருந்தால் காற்று அங்கே தங்கி, சலசலப்பும் தேய்மானமும் தொடங்கும்.

தூசி நம் ஊர்ப் பிரச்சினை. தெருவோர வீட்டில் ஃபேன் ஓடும் அறை என்றால், சில மாதங்களில் ரேடியேட்டரின் நெருக்கமான மடிப்புகளின் முன்பக்கம் சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் ஒரு படலம் படிந்துவிடும். ஃபேன் ஓட்டம் வெளியிலிருந்து பார்க்கச் சரியாகவே இருக்கும், காற்றுதான் போகாது. ஏர் கூலரில் ஃபேனைக் கழற்றி ஊதினால் வேலை முடிந்தது. ஏஐஓவில் பன்னிரண்டு திருகுகளைக் கழற்றி ஃபேனுக்கும் மடிப்புக்கும் நடுவே சிக்கியிருப்பதை எடுக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்றழுத்தத்தில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

கடலோர ஊர்களில் இன்னொரு விபரீத யோசனை அவ்வப்போது தலைகாட்டும்: தொட்டியில் ஐஸ் போடுவது, சில்லர் இணைப்பது. கோடையில் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தக் குழாயும் வியர்க்கும். அந்த வியர்வை மதர்போர்டில் சொட்டும். கசியாத சுற்றையும் கசிந்ததற்குச் சமமாக்கும் வழி இது.

7. சத்தம்

நீர்க்குளிர்ச்சிக்கு ஆதரவாக நான் முழு மனதோடு சொல்லக்கூடிய வாதம் சத்தம்தான். ஃபேன் விதிகள்படி, சுழற்சியைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். அதே வகை ஃபேனை இரண்டு மடங்கு எண்ணிக்கையில் வைத்தால் ஏறுவது 3 டெசிபல்தான். ஆகவே பெரிய பரப்பில் மெதுவாக ஓடும் மூன்று ஃபேன்கள், சிறிய பரப்பில் வேகமாக ஓடும் இரண்டைவிட அமைதியானவை. அதிக வாட் பிராசசரில் இது காதுக்கே தெரியும். குறைந்த வாட்டில் ஏர் கூலரும் மெதுவாகத்தான் ஓடும். பம்பின் சன்னமான ரீங்காரம் அதற்கு இல்லை. ஏஎம்டி 2015இல் நீர்க்குளிர்ச்சியோடு விற்ற ஃபியூரி எக்ஸ் கார்டின் மீது வந்த முதல் புகாரே பம்பின் கீச்சொலிதான்.

8. பழுதும் ஆயுளும்

ஏர் கூலரில் சாகக்கூடிய பொருள் ஃபேன் ஒன்றே. செத்தால் எந்தக் கடையிலும் வேறு கிடைக்கும். உலோகப் பகுதி அடுத்த கணினிக்கும் வரும். ஏஐஓவில் பம்ப் செத்தால் முழுதும் குப்பை. அப்போது பிராசசர் எரிந்துபோகுமா என்று பயப்பட வேண்டாம்: சூடு வரம்பைத் தொட்டதும் வேகம் குறையும், அதையும் மீறினால் கணினி தானே அணையும்.

பம்ப் நன்றாக இருந்தாலும் நீர் குறையும். ரப்பர் குழாயின் சுவர் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் மிக மெதுவாக வெளியேறும். உள்ளே காற்று கூடும். பெரும்பாலான ஏஐஓக்களில் தகடு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். இரண்டு உலோகங்கள் ஒரே நீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கும் என்பது பள்ளி வேதியியல். திரவத்தில் கலந்த அரிப்புத் தடுப்பான்தான் அதைத் தள்ளிப்போடுகிறது. நல்ல பெயருள்ள தயாரிப்பிலும் தவறு நேரும். ஆர்க்டிக் நிறுவனம் 2022இல் தன் லிக்விட் ஃபிரீசர் 2 வரிசையில் சில தொகுப்புகளின் கேஸ்கெட் செப்புத் தகட்டை அரிக்கக்கூடும் என்று தானே அறிவித்து, இலவச மாற்றுப் பொருள்கள் அனுப்பியது. கசிவு அரிது. ஆனால் கசிந்தால் அந்தத் துளி விழும் இடம் பெரும்பாலும் கணினியிலேயே விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டின் முதுகு. அதனால் ஏஐஓ வாங்கும்போது உத்தரவாதக் காலத்தை மட்டும் பார்த்தால் போதாது. கசிந்து கெட்ட மற்ற பாகங்களுக்கும் ஈடு தருவார்களா, இந்தியாவில் எந்த விநியோகஸ்தர் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள்.

9. கஸ்டம் லூப்

இதில் சுருக்கமாகவே சொல்லலாம். கஸ்டம் லூப் ஒரு பொழுதுபோக்கு. செம்பு, பித்தளை ரேடியேட்டர், டி5 பம்ப், ஆண்டுக்கொரு முறை திரவம் மாற்றுதல், ஒவ்வொரு பாகம் மாற்றும்போதும் சுற்றை வடித்தல் ஆகியவற்றில் இன்பம் காண்பவருக்கு அது சரி. குழாய் நீரோ மினரல் வாட்டரோ ஊற்றக் கூடாது. உப்பு படியும், பாசி பிடிக்கும். காய்ச்சி வடித்த நீரும் அதற்கான சேர்மானமும், அல்லது தயாராக விற்கும் கூலன்ட்தான்.

ஒரு முரண் மட்டும் சொல்ல வேண்டும். விளையாட்டுக் கணினியில் நீரால் உண்மையாகவே பயனடையக்கூடிய பாகம் கிராபிக்ஸ் கார்டு: வாட் அதிகம், பரப்பும் பெரிது, ஆகவே நெரிசல் குறைவு. 2014இல் 500 வாட் ஆர்9 295எக்ஸ்2 கார்டை ஏஎம்டி தொழிற்சாலையிலிருந்தே நீரோடு அனுப்பியதன் காரணம் அதுதான். ஆனால் மக்கள் வாங்கும் ஏஐஓ பிராசசருக்கானது. கிராபிக்ஸ் கார்டைத் தொடுவதே இல்லை. கார்டுக்கு வாட்டர் பிளாக் போட்டால் அது அந்த ஒரு மாதிரிக்கு மட்டும் பொருந்தும். கார்டை மாற்றும்போது பிளாக்கும் வீண். பழைய கூலரைக் கழற்றியதால் உத்தரவாதமும் கேள்விக்குறி.

10. அளந்து முடிவு செய்தல்

புதிய கணினி வாங்குகிறவர், தன் பிராசசர் கேமில் எத்தனை வாட் எடுக்கிறது என்று நம்பகமான சோதனைகளில் தேட வேண்டும். ஏற்கெனவே கணினி உள்ளவருக்கு வேலை இன்னும் எளிது. மே மாதப் பிற்பகலில், வழக்கமாக விளையாடும் கனமான கேமை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் சிபியு பேக்கேஜ் பவர், சிபியு வெப்பநிலை, கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலை மூன்றையும் குறியுங்கள். அருகில் ஒரு தெர்மாமீட்டரும் வையுங்கள். பிறகு கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை மறுபடி ஓட்டுங்கள். வெப்பநிலை ஐந்தாறு டிகிரி இறங்கினால் குற்றவாளி கூலர் அல்ல, கேபினெட். காசை வலை முகப்புக்கும் ஃபேனுக்கும் செலவிடுங்கள்.

கதவைத் திறந்தும் மாற்றமில்லை, பேக்கேஜ் பவர் 120 வாட்டுக்குள் இருக்கிறது என்றால் இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும்; ஒரு நல்ல 360 ஏஐஓவின் விலையில் அப்படி இரண்டு வாங்கலாம், மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டால் ஃபிரேம் ரேட்டாகத் திரும்பி வரும். 120க்கும் 180க்கும் இடையே என்றால் முதலில் மின்வரம்பை இறக்கிப் பாருங்கள். அதற்கு மேல் போகிறது, கூடவே ரெண்டரிங், ஸ்ட்ரீமிங் வேலையும் நடக்கிறது என்றால் 280 அல்லது 360 ஏஐஓ வாங்குவதில் தவறில்லை; அதை ஐந்தாறு ஆண்டில் மாற்ற வேண்டிய பொருளாகவே கணக்கில் வையுங்கள். வண்ண விளக்குக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதுவும் உங்கள் உரிமை; விளக்கின் விலையை வெப்பநிலைக் கணக்கில் எழுதாதீர்கள்.